கிளப் மாடியில் ஒரு மணி நேரம்

செந்திலுக்கு,

தினமும் காலை பத்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு நான் எங்கே போகிறேன் என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். ஹாலில் நீ மாட்டிவிட்டுப் போன கேமராவில் பார்த்திருப்பாய். பாத்ரூம் வாசலில் தரையில் ஒட்டியிருக்கும் நீலப் பட்டைகள் என்னவென்றும் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் ‘அப்புறம் சொல்கிறேன்’ என்று போட்டுவிட்டேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ தெலுங்கில் கேட்பாய், நான் தமிழில் சொல்வேன், நடுவில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் யாதம்மா கூப்பிடுவாள், பேச்சு பாதியில் நிற்கும். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நானும் அப்பாவும் வேலைக்குப் போகக் காஞ்சன்பாக் பஸ்ஸைப் பிடிப்பதற்கே ஓடிக்கொண்டிருந்த காலத்தில் உன்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை. காவ்யா படித்துக் காட்டட்டும். கோயம்புத்தூர்ப் பெண் மருமகளாக வந்ததில் எனக்கு இந்த ஒரு சௌகரியம். அவளும் கேட்கவேண்டிய விஷயம்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளப்புக்குத்தான் போகிறேன். பூல் ஆடத்தான் போகிறேன். நீ ஜெர்மனிக்குத் திரும்பிய அன்று டாக்ஸியில் ஏறும் முன் “கிளப் இக வத்து, அம்மா” என்றாய். இனிமேல் கிளப் வேண்டாம் என்று நீ தெலுங்கில் சொன்னால் அது முடிவாகச் சொன்னது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே, கெஞ்சும்போது தமிழ், முடிவு சொல்லும்போது தெலுங்கு. நானும் தலையை ஆட்டினேன். அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். படித்து முடித்த பிறகும் உனக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும். எதற்காகக் கோபப்படுகிறாய் என்று தெரிந்துகொண்டு கோபப்படு, அது போதும்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்ன வருடம் உனக்கு நினைவிருக்கும். நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து அல்வாலுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. முதலில் இடது கை விரல் மட்டும் நடுங்கியது. அப்போது அவர் நம் காலனி கிளப்பின் மாடியில் தினமும் ஆடிக்கொண்டிருந்தார். கீழே கேரமும் சீட்டும், மாடியில் ஆறு குழி வைத்த அந்தப் பெரிய பூல் மேஜை. மற்றவர்கள் எட்டாம் நம்பர் பந்தைக் கடைசியில் போடும் ஆட்டத்தை ஆடுவார்கள். அப்பாவும் மொயின் சாப்பும் ஸ்ட்ரெய்ட் பூல் மட்டும்தான். வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, அதை மோதவிட்டு எந்தப் பந்தை வேண்டுமானாலும் எந்தக் குழியில் வேண்டுமானாலும் போடலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட். ஆனால் எந்தப் பந்து, எந்தக் குழி என்று அடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். தற்செயலாக விழுந்தது கணக்கில் சேராது. ஒருவர் தவறவிடும்வரை அவரேதான் ஆடுவார், மற்றவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மெஷின் ஷாப்பில் வேலை பார்த்த அப்பாவுக்கும், கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆன மொயின் சாப்புக்கும் அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

பிறகு கியூக் கோலை ஊன்றிப் பிடிக்க வேண்டிய இடது கை மேஜைமேல் நிலையாக நிற்காமல் போய்விட்டது. கோல் விரல்களுக்கு நடுவில் கிடந்து தடதடவென்று ஆடும். ஒருநாள் அவரைக் கூட்டிவரப் போன நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக நிற்கும் ஒரு பந்து, குழிக்கு முன்னால் இரண்டு விரற்கடை தூரத்தில். அதைப் போய்த் தொடக்கூட முடியவில்லை. மொயின் சாப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்து, “ஏளா, இங்க வா. இந்தா, நீ அடி. நான் சொல்லுதேன்” என்று கியூவை நீட்டினார். அவர் அதை விளையாட்டாகச் சொன்னாரா, வெட்கத்தை மறைக்கச் சொன்னாரா, இன்றுவரை கேட்டதில்லை. புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடித்தேன். வெள்ளைப் பந்து மேஜையைத் தாண்டிக் குதித்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

அப்படித்தான் ஆரம்பம். கொஞ்ச காலம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுவார், நான் அடிப்பேன். சண்டைதான் அதிகம். அவர் நினைப்பதைச் சொல்லுவதற்குள் நான் அடித்துவிடுவேன். அவருக்குப் பேச்சு மெதுவாகிக்கொண்டே வந்தது, எனக்கு அப்போது அது புரியவில்லை, வேண்டுமென்றே இழுக்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் வாசலைத் தாண்டி வெளியே வருவதையே அவர் நிறுத்திக்கொண்டார். மாடிப்படி ஏறுவது அவருக்குக் கஷ்டமில்லை; கிளப்பில் நான்கு பேர் பார்ப்பதுதான் கஷ்டம். நீ அந்த நேரத்தில்தான் யாதம்மாவை ஏற்பாடு செய்தாய். அவள் ஒன்பது மணிக்கு வந்து அப்பாவைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி முடித்ததும், “நீங்க போய் ஏதாவது வெளி வேல பாத்துட்டு வாங்க மேடம்” என்பாள். எனக்கு வெளி வேலை என்று ஒன்றும் இல்லை. காய்கறி வண்டி வாசலுக்கே வருகிறது. மாத்திரைகூடப் போனில் சொன்னால் வந்துவிடுகிறது. அதனால் கிளப்புக்குப் போனேன்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் ஆடுவதற்காகப் போகவில்லை. உட்காருவதற்காகப் போனேன். காலையில் அந்த மாடியில் யாரும் இருக்கமாட்டார்கள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டால் “ஏளா” என்று ஒரு குரல் வராது. இரவில் அவரைத் திருப்பிப் படுக்கவைக்க எழுந்து எழுந்து, எனக்குத் தூக்கம் என்பது துண்டு துண்டாகத்தான். உன்னிடம் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்லுவேன். நன்றாக இல்லை. களைத்துப்போயிருந்தேன். கை காலில் வரும் களைப்பென்றால் படுத்தால் போய்விடும். இது பேச்சில்கூட வந்துவிட்டது. எனக்கும் அவருக்கும் பேசுவதற்கு இருந்ததெல்லாம் மாத்திரை, மலச்சிக்கல், துண்டு, தலையணை. கல்யாணமான நாளிலிருந்து என்னோடு ஓயாமல் வாதாடிய மனிதரிடம் நான் நாள்முழுவதும் “வாயைத் திறங்க, வாயை மூடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சும்மா உட்கார்ந்திருந்தவள் ஒருநாள் எழுந்து பந்துகளைப் பரப்பிவிட்டு அடிக்க ஆரம்பித்தேன். ஒன்று விழும், சந்தோஷமாக இருக்கும். மூன்று விழாது, இன்னும் பலமாக அடிப்பேன். இப்படியே மாதக்கணக்கில் ஓடியது. தினமும் தவறாமல் போனேன், ஆனால் ஓர் அங்குலம்கூடத் தேறவில்லை. ஒரு காலையில் மொயின் சாப் சீக்கிரம் வந்துவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். “மேடம், கைக்கு இத்னா ஜோர் லகாரே?” என்றார். எதற்கு இவ்வளவு வேகம் என்கிறார். “பந்து உங்களுக்கு என்ன பண்ணுச்சு?” என்று அவருக்குத் தெரிந்த தமிழில் வேறு கேட்டார். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அவர் சொன்னது சரி. நான் பந்தை அடிக்கவில்லை, எதையோ அடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பி வரும்போது என் டிராயிங் ஆபீஸ் ஞாபகம் வந்தது. மற்றவர்கள் போட்ட வரைபடங்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. ஒரு பாகம் பொருந்தவில்லை என்று மெஷின் ஷாப்பிலிருந்து திரும்பி வந்தால், உடனே அழித்துத் திருத்த மாட்டோம். எந்தக் கோட்டிலிருந்து தப்பு ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் போவோம். அவ்வளவு வருடம் சம்பளத்துக்குச் செய்த அந்த ஒன்றை நான் இந்த மேஜையில் ஒருநாள்கூடச் செய்யவில்லை. மறுநாளிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். இந்தப் பந்து, இந்தக் குழி என்று சொல்வதோடு, அடித்த பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும் என்பதையும் வாய்விட்டுச் சொல்வது. ஆளில்லாத அறையில் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பந்து விழுந்தாலும் வெள்ளை நான் சொன்ன இடத்தில் நிற்காவிட்டால் அது தப்பு. அப்படிப் பார்த்தால் நான் செய்ததெல்லாம் தப்பாக இருந்தது. அது ஒரு நல்ல நாள். எனக்கு எது தெரியாது என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு ஆட்டத்தைச் சின்னதாக்கினேன். பதினைந்து பந்தையும் பரப்புவதை விட்டுவிட்டேன். ஒரே ஒரு பந்து, நேராக, ஒரு முழத் தூரத்தில். அடித்தால் பந்து போய் விழ வேண்டும், வெள்ளை மோதிய இடத்திலேயே நின்றுவிட வேண்டும். அந்த வாரம் முழுக்க அது ஒன்றுதான். தவறினால் அதே இடத்தில் மறுபடி வைப்பேன், ஆனால் வைப்பதற்கு முன்னால் ஏன் தவறியது என்று ஒரு காரணமாவது கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டு வைப்பேன். கோபம் வந்தால் கியூவைச் சார்த்திவிட்டு ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்ப்பேன். கை அலுத்துவிட்டது என்று தெரிந்தால் நேரம் மீதமிருந்தாலும் நிறுத்திவிடுவேன், அலுத்த கையால் அடித்தால் அலுப்புத்தான் பழக்கமாகும். உனக்கு வேலையில் ஏதோ புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஞாயிறு முழுவதும் உட்கார்ந்தும் ஏறவில்லை என்று காவ்யா சொன்னாள். ஞாயிறு முழுவதும் உட்காராதே. தினமும் கொஞ்சம் உட்கார். உட்காரும்போது எங்கே தடுமாறுகிறாயோ அந்த இடத்தில் மட்டும் நில். தெரிந்ததையே திரும்பச் செய்வது சுகமாக இருக்கும். நானும் அந்தச் சுகத்தில் பல மாதம் கிடந்தவள்தான்.

எனக்கு ஒரு தப்பு மட்டும் பிடிபடவே இல்லை. பந்து எப்போதும் குழியின் இடது உதட்டில் பட்டுத் திரும்பியது. மத்தியானம் அப்பாவுக்குச் சோறு ஊட்டும்போது, பேச வேறொன்றும் இல்லாததால் அதைச் சொன்னேன். அவர் மென்றார், விழுங்கினார், தண்ணீர் கேட்டார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நான் எழுந்து போகும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. “தலையத் தூக்குத.” என்ன என்றேன். “விழுந்துச்சான்னு பாக்க, அடிக்கும்போதே தலையத் தூக்குத. விழுந்தா சத்தம் கேக்கும்லா. பாக்காண்டாம்.” நான் எப்படி அடிக்கிறேன் என்று அவர் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மறுநாள் பந்து விழும் சத்தம் கேட்கும்வரை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. சத்தம் கேட்டது.

செந்தில், அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்தது நீ கேமரா வைப்பதற்கு முந்தியது, அதனால் நீ பார்த்திருக்க மாட்டாய். தினமும் மத்தியானம் நான் ஒரு எவர்சில்வர் தட்டில் கொண்டைக்கடலையைப் பரப்புவேன். ஒரு பூண்டுப் பல்தான் வெள்ளைப் பந்து. அன்று எந்த நிலைமையில் மாட்டிக்கொண்டேனோ அதை அப்படியே வைத்துக் காட்டுவேன். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். விரல் நடுங்கிக்கொண்டே வந்து ஒரு கடலையைத் தொடும், அப்புறம் இன்னொன்றை. “மொதல்ல இது. பொறவு அது.” நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். “அங்க போனா வெள்ளை ஓரத்துக் குஷன்ல ஒட்டிக்கிடும்லா?” என்பேன். “நீ அடிச்சா ஒட்டும்” என்பார். யாதம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எங்களுக்குள் மறுபடி சண்டை வந்துவிட்டது. எத்தனை நிம்மதி என்று உனக்கு எப்படிச் சொல்ல. இந்த ஆட்டத்தில் பதினைந்து பந்தில் பதினான்கைப் போட்டபின் கடைசி ஒன்றை விட்டுவைக்க வேண்டும். விழுந்த பதினான்கையும் முக்கோணச் சட்டத்தில் மறுபடி அடுக்குவார்கள். விட்டுவைத்த அந்தப் பந்தைப் போடும்போதே வெள்ளை போய் அடுக்கில் மோதி உடைத்தால்தான் ஆட்டம் மேலே தொடரும். எந்தப் பந்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்ய வேண்டும். அதைத்தான் நாங்கள் தட்டில் வைத்துப் பேசிப் பேசிப் பழகினோம். கடலை அப்புறம் சுண்டலாகிவிடும்.

அப்பா விழுந்த காலை, நான் முதல்முறையாக நடுவில் தவறாமல் பதினான்கையும் போட்டிருந்தேன். சட்டத்தில் பந்துகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது யாதம்மாவின் போன் வந்தது. அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தேன். பாத்ரூம் வாசலில் கிடந்தார். யாதம்மா அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். ஆனாலும் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிட, உடம்பு மட்டும் முன்னால் போய்விட்டது. மணிக்கட்டு முறிவு, நெற்றியில் தையல். நீ வந்து சேர்ந்தாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ கேட்டபோது யாதம்மா உள்ளதைச் சொன்னாள், மேடம் கிளப்புக்குப் போயிருந்தார் என்று. நீ என்னிடம் திரும்பி, “பூலா? சீரியஸ்லி, அம்மா? அப்பா இப்படி இருக்கும்போது நுவ்வு பூல் ஆடுத்துன்னாவா?” என்றாய். பக்கத்தில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்த பெண்கூட நிமிர்ந்து பார்த்தாள். நான் வீட்டில் இருந்தாலும் விழுந்திருப்பார், தீபாவளிக்கு முன் நான் சமையலறையில் இருக்கும்போதே ஒருமுறை விழப் பார்த்தார் என்று சொல்லியிருக்கலாம். அது நியாயம் பேசுவது போல இருக்கும் என்று விட்டுவிட்டேன். நீ மூன்று விமானம் மாறி, சாப்பிடாமல் வந்து நின்றாய். நீ பயந்துபோயிருந்தாய். பயந்த பிள்ளையிடம் என்ன வாதாட.

நீ போன பிறகு கிளப்புக்குப் போகவில்லை. நாள்முழுவதும் அவர் கட்டில் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இருமினால் எழுவேன், அசைந்தால் எழுவேன். யாதம்மாவைக் கிட்டே விடவில்லை. தட்டும் கடலையும் எடுக்கவில்லை. ஒருநாள் ரசம் சாதத்தை அவர் சட்டையில் சிந்தினார். கட்டுப்போட்ட கை, நடுங்கும் கை, அவர் என்ன செய்வார்? நான் “ஒரு வாய் ஒழுங்கா வாங்கக் கூடாதா?” என்று கத்தி, கரண்டியைத் தட்டில் போட்டேன். அந்தச் சத்தத்துக்கு எனக்கே உடம்பு தூக்கிப்போட்டது. சட்டையை மாற்றினேன். படுக்கவைத்தேன். ரொம்ப நேரம் கழித்து, “ஏளா” என்றார். “நீ கிளப்புக்குப் போ. இப்படி என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா எனக்கு மூச்சு முட்டுது.” செந்தில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார், “அன்னைக்குக் கடைசிப் பந்து எந்தப் பக்கம் விட்டிருந்த? வெள்ளை எங்க நின்னுச்சு?” விழுந்த நாளிலிருந்து அதை அவர் மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வலது பக்கம், அடுக்குக்குக் கொஞ்சம் மேலே, வெள்ளை அதற்குப் பின்னால் சாய்வாக என்று சொன்னேன். “ஒடைச்சிருப்ப” என்றார்.

அன்று சாயங்காலம் நான் பாத்ரூம் வாசலில் போய் நின்றேன். அதுவரை அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் யார்மேல் பழி என்றுதான் யோசித்திருந்தேன். என்மேலா, யாதம்மாமேலா, தரைமேலா. ஏன் இந்த இடத்தில் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பந்தைத் திரும்ப வைப்பதற்கு முன் காரணம் தேடும் பழக்கம், பந்துக்கு மட்டும் என்று இருந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவரை நடத்திக்கொண்டு போகும்போது யாதம்மாவை இடுப்பைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நான் அவர் காலை மட்டும் பார்த்தேன். ஹாலில் நன்றாக நடந்தார். வாசல் நெருங்கியதும், இடம் குறுகும் இடத்தில், பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது. சமையலறை வாசலிலும் அப்படித்தான். மொட்டைமாடிப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனால், உனக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று படி தடுமாறாமல் ஏறினார். படியில் ஏறுபவருக்குச் சமதரையில் என்ன கஷ்டம்? யோசித்துக்கொண்டே இருந்தேன். படியில் கால் வைப்பதற்கு ஒரு விளிம்பு கண்ணுக்குத் தெரிகிறது. சமதரையில் எதுவும் தெரியவில்லை. அவ்வளவுதான் எனக்குப் பிடிபட்டது.

நீல நிறத்தில் அகலமான டேப் ஒன்று வாங்கிவந்து வாசலுக்கு முன்னால் குறுக்குக் கோடுகளாக ஒட்டினேன். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. கோடுகள் நெருக்கமாக இருந்தன. அவர் காலை எடுத்துவைக்காமல் குழம்பி நின்றார். பிய்த்துவிட்டு, ஹாலில் நன்றாக நடக்கும்போது அவர் வைக்கும் அடி எவ்வளவு என்று பார்த்து, அந்தத் தூரத்துக்கு ஒட்டினேன். “கோட்டைத் தாண்டுங்க” என்றேன். பாதம் எழும்பியது. ஒன்றைத் தாண்டினார், அடுத்ததையும் தாண்டினார், வாசற்படியையும் தாண்டி உள்ளே போய் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாதம்மா “அம்மோ!” என்றாள். பிசியோதெரபிஸ்ட் வந்தபோது காட்டினேன். “இது தெரிந்த முறைதான் ஆன்ட்டி, நிறையப் பேருக்கு உதவும்” என்று சாதாரணமாகச் சொன்னார். அப்படியென்றால் முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று வாய்வரை வந்தது. இது மருந்தில்லை, செந்தில். சில நாள் கோட்டின்மேலேயே நின்றுவிடுகிறார். ஆனால் அங்கே மறுபடி விழவில்லை. நீ கேட்ட நீலப் பட்டை இதுதான்.

மறுவாரத்திலிருந்து கிளப்புக்குப் போகிறேன். சமீபத்தில் மொயின் சாப் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பதினான்கையும் போட்டு, கடைசிப் பந்தைப் போட்டு, அடுக்கையும் உடைத்தேன். பந்துகள் நாலாபக்கமும் விரிந்தன. அதற்குப் பிறகு இரண்டோ மூன்றோ போட்டுவிட்டு ஒரு சுலபமான பந்தைத் தவறவிட்டேன். அவர் எழுந்து நின்று “ஹவ், மேடம், ஹவ்!” என்று, ஆமாம் அப்படித்தான் என்று அவர் பாஷையில் சொல்லிவிட்டு, தன் முறை வந்ததும் ஒரு பந்துகூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். “ம்” என்றார். அவர் சந்தோஷப்பட்டார். உனக்கு அது தெரிந்திருக்காது. நீ வந்திருந்தபோது அப்பா உன்னைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை, அவருக்கு உன்மேல் ஏதோ வருத்தம் என்று காவ்யாவிடம் சொன்னாயாம். அவர் முகம் இப்போது சிரிக்காது, செந்தில். இந்த வியாதி முகத்தையும் இறுக்கிவிடுகிறது. நீ ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தபோது அவர் போர்வையை இழுத்துச் சட்டைப் பட்டனைத் தேடினார், உன் முன்னால் சரியாக இருக்க வேண்டும் என்று. நான் பார்த்தேன். அதை உன்னிடம் அப்போதே சொல்லாமல் விட்டது என் களைப்புதான்.

நீ பார்த்துவைத்த முதியோர் இல்லம் நல்ல இடமாகத்தான் இருக்கும். ஒருநாள் தேவைப்படலாம். அன்று நானே கேட்பேன். இப்போது எனக்கு வேண்டியது ஒரு மணி நேரம், அது எனக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு வயதாகிறது. என் இடுப்பும் குனிந்து நிமிர மறுக்கிறது. இந்த ஆட்டமும் இன்னும் எத்தனை காலம் என்று தெரியாது. களைப்பு போய்விட்டது என்று சொன்னால் நீ நம்பாதே. அது அப்படியேதான் இருக்கிறது. கத்துவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்க முடிகிறது, அவ்வளவுதான்.

உன்னால் ஒன்று ஆகும். போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது போனை அப்பா காதில் வைத்தேன். “அப்பா, எப்படி இருக்கீங்க?” என்று கேட்டாய். அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வர அவருக்கு நேரமாகும். நீ “ஹலோ? ஹலோ? அப்பா? வாய்ஸ் ராவட்லேது” என்று சொல்லி, கேட்கவில்லை என்று வைத்துவிட்டாய். சிக்னல் இல்லை என்று நினைத்திருப்பாய். நான் போனை எடுக்கப் போனேன். அவர் கொடுக்கவில்லை. காதோடு பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து, தெளிவாகச் சொன்னார், “நல்லா இருக்கேம்லே. நீ சாப்பிட்டியா?”

நான் கிளப்புக்குப் போகும் நேரம் உனக்குக் காலையில் ஆறரை, ரயிலுக்குக் கிளம்பும் முன். வாரத்தில் இரண்டு நாள் அந்த நேரத்தில் கூப்பிடு. யாதம்மா போனைக் கொடுப்பாள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. முதல் சில தடவை உனக்குக் கஷ்டமாக இருக்கும், ஏதாவது பேசி அந்த இடத்தை நிரப்பத் தோன்றும். நிரப்பாதே. அவர் மூச்சு கேட்கும், மின்விசிறி கேட்கும், வெளியே காய்கறி வண்டி கேட்கும். அப்புறம் அவர் குரல் வரும். போன ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னது உனக்காகச் சொன்னது, அதை நான் வாங்கிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அடுத்ததை நீ காத்திருந்து வாங்கிக்கொள்.

அம்மா